பறக்க வைக்காதீங்க... பறக்கட்டும்!



போன வாரம் ஒரு செகண்ட் இயர் மாணவி கேட்டிருந்த கேள்வி இது: 'பறவைகளை ஆக்‌ஷன்ல எடுக்கணும்னு ஆசை. ஆனா நான் போற நேரம் எல்லாம் அதுங்க சும்மாவே நிக்குது. ஒரு மணி நேரம் நின்னாலும் அசையறதே இல்ல. ஒரு கல்லை விட்டுப் பார்க்கலாமான்னு தோணுது. என்ன பண்ணட்டும்?'

கேள்வியைப் படிச்சதும் சிரிப்பு வந்தது. அடுத்த செகண்டே அந்த சிரிப்பு அடங்கிடுச்சு. ஏன்னா, அந்தக் கல்லை நான் ஏற்கெனவே விட்டவன். அதனால இந்த வாரம் அட்வைஸுக்கு முன்னால ஒரு வாக்குமூலம்.

2007 ஜனவரி. நான் அப்போ ஃபைனல் இயர். மாமாகிட்ட கெஞ்சிக் கூத்தாடி அவரோட டி.எஸ்.எல்.ஆர். கேமராவையும் 70-300 எம்.எம். லென்ஸையும் ரெண்டு நாளைக்கு வாங்கிட்டு, ரூம்மேட்டையும் இழுத்துக்கிட்டு கோடியக்கரைக்குப் பஸ் ஏறிட்டேன். அடுத்த வாரம் காலேஜ்ல போட்டோ காம்பெடிஷன். தலைப்பு 'வேகம்'. எல்லாரும் பைக்கையும் பாஸ்கெட்பாலையும் எடுக்கப் போறாங்க, நாம பறவையை எடுத்துக் கலக்கிடலாம்னு திட்டம்.

காலையில ஏழு மணிக்கு சதுப்பு ஓரத்துல நிக்கிறோம். கணுக்கால் அளவு தண்ணி. அதோட விளிம்புல நூத்துக்கணக்குல கொசு உள்ளான்கள். ஆங்கிலத்துல லிட்டில் ஸ்டின்ட். பேருக்கு ஏத்த மாதிரி குட்டியூண்டு பறவை. தலையைக் குனிஞ்சு, தையல் மெஷின் ஊசி மாதிரி சேத்தை டக் டக் டக்குனு குத்திட்டே போகுது. அழகுதான். ஆனா 'வேகம்' எங்கே?

பத்து நிமிஷம் பொறுத்தோம். அதுக்கு மேல முடியல. ரூம்மேட் சொன்னான்: "மச்சி, நீ ரெடியா நில்லு. நான் ஓடிப் போய்க் கை தட்டுறேன்."

தட்டினான். மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்துல எழும்புச்சு. நான் பட்டனை அமுக்கினது அமுக்கினபடியே நின்னேன். பறவைங்க ஒரு வட்டம் அடிச்சு இருநூறு மீட்டர் தள்ளி இறங்குச்சு. நாங்க விடல. அங்கேயும் போய்த் தட்டினோம். இப்படி நாலு தடவை.

அஞ்சாவது தடவைக்கு அவன் ஓட ஆரம்பிக்கும்போது பக்கத்து உப்பளத்துல வரப்பு வெட்டிட்டு இருந்த ஒரு பெரியவர் மண்வெட்டியைக் கீழே வெச்சிட்டு எங்களைப் பார்த்தார்.

"ஏந்தம்பி, அதுங்க உங்களை என்ன பண்ணுச்சு?"

"போட்டோ எடுக்கிறோம் ஐயா. பறக்கிற மாதிரி வேணும்."

"அதுக்கு? எலையில உக்காந்து சாப்புடறவன எழுப்பி விட்டுட்டுப் போட்டோ புடிப்பீங்களா?"

அவ்வளவுதான் சொன்னார். மறுபடி மண்வெட்டியை எடுத்துட்டார். திட்டவும் இல்ல, விரட்டவும் இல்ல. அதுதான் இன்னும் சுட்டது. நம்ம வீட்டுல எவ்வளவு பெரிய சண்டைன்னாலும் இலையில உக்கார்ந்தவனை எழுப்ப மாட்டாங்க. அது நம்ம எல்லாருக்கும் தெரியும்.

அந்தப் படத்துக்கு செகண்ட் ப்ரைஸ் கிடைச்சது. பரிசு கொடுத்த சார் மேடையிலேயே மைக்ல கேட்டார்: "இதை எப்படிப்பா எடுத்தே?" நான் ஷட்டர் ஸ்பீடு, லென்ஸ்னு ஏதேதோ சொல்லிட்டு இறங்கிட்டேன். கை தட்டினதை மட்டும் சொல்லல.

முதுகு போட்டோ

சரி, மனசாட்சியைக் கொஞ்சம் ஓரமா வெச்சிட்டு, வெறும் போட்டோகிராஃபரா அந்தப் படத்தைப் பார்ப்போம். அதுல என்ன இருந்தது தெரியுமா? முதுகு. நூத்துக்கணக்கான முதுகு. ஒரு கண்கூடத் தெரியல.

காரணம் ரொம்ப சிம்பிள். பயந்து ஓடுற எந்த ஜீவனும் உங்களைப் பார்த்து ஓடி வராது. உங்களை விட்டு ஓடும். அதனால விரட்டி எடுத்த படத்துல வாலும் முதுகும்தான் கிடைக்கும். பறவை தன் வேலையைத் தானே பார்க்கும்போதுதான் உங்க பக்கம் திரும்பும், இறங்கும், சண்டை போடும், குளிக்கும், மீன் பிடிக்கும். நாம தேடுற ஆக்‌ஷன் மொத்தமும் அதுலதான் இருக்கு.

அதாவது, பெரியவர் சொன்ன நியாயமும் நல்ல போட்டோவுக்கான ரூலும் ஒண்ணுதான். இது புரிய எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. உங்களுக்கு ஒரு கட்டுரையில முடிஞ்சிடட்டும்.

அந்த இலையில என்ன இருக்கு?

கோடியக்கரை எங்கே இருக்கு? நாகப்பட்டினம் மாவட்டம், வேதாரண்யத்துக்குத் தெற்கே. வங்காள விரிகுடாவும் பாக் ஜலசந்தியும் சந்திக்கிற மூலை. 'பொன்னியின் செல்வன்' படிச்சவங்களுக்கு பூங்குழலி ஞாபகம் வந்திருக்கும். அவளைத் துரத்திட்டுப் போய் வந்தியத்தேவன் சேத்துல மாட்டிக்கிட்டதும் இங்கேதான். அந்த சேறு இன்னும் அப்படியேதான் இருக்கு, ஜாக்கிரதை!

இங்கேயிருந்து மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரைக்கும் நீளுது வேதாரண்யம் உப்புச் சதுப்பு. 1930ல ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளினது இந்த வேதாரண்யத்துலதான். கோடியக்கரை 1967ல சரணாலயம் ஆச்சு. 2002ல சதுப்பையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலுக்குப் போச்சு. அந்த சர்வதேசப் பட்டியல்ல தமிழ்நாட்டிலிருந்து இடம் பிடிச்ச முதல் ஈரநிலம் இதுதான்.

உப்புத் தண்ணியில பறவைக்கு என்ன சாப்பாடுன்னு நினைக்கிறீங்களா? சேத்துக்குள்ள புழு, குட்டி நண்டு, நத்தை, பூச்சி லார்வா, தண்ணியில பொடி இறால், பாசின்னு ஃபுல் மீல்ஸ் இருக்கு. அதைச் சாப்பிடத்தான் இவ்வளவு கூட்டம். நம்ம மக்கள் இதை எவ்வளவு கவனிச்சிருக்காங்கன்னா, ஒரு பறவைக்குப் பேரே 'உப்புக்கொத்தி'. ஆங்கிலத்துல ப்ளோவர். உப்பளத்துலயும் சேத்துலயும் கொத்திக்கிட்டே ஓடுறதைப் பார்த்தவங்கதான் இப்படி ஒரு பேர் வெச்சிருக்க முடியும்.

இப்போ நான் நாலு தடவை எழுப்பி விட்ட கொசு உள்ளான் கதைக்கு வருவோம். அதோட எடை சுமார் 25 கிராம். பர்ஸ்ல இருக்கிற நாலஞ்சு காயின் வெயிட். அது முட்டையிட்டு குஞ்சு பொரிக்கிறது ஆர்க்டிக் பக்கம், சைபீரியாவோட வடகோடித் துந்திரப் பிரதேசத்துல. குளிர்காலத்துக்கு நம்ம ஊர். மார்ச், ஏப்ரல் வந்தா திரும்ப வடக்கே கிளம்பணும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். வழியில பெட்ரோல் பங்க் கிடையாது. இங்கே சேர்த்து வைக்கிற கொழுப்புதான் பெட்ரோல்.

இந்த உள்ளான் குடும்பம் என்ன செய்யும்னு ஒரு உதாரணம். 2022 அக்டோபர்ல ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியா வரைக்கும் 13,560 கிலோமீட்டர் நிக்காம பறந்தது. 11 நாள். சோறு இல்ல, தண்ணி இல்ல, தரையில கால் வைக்கவே இல்ல. முதுகுல பொருத்தியிருந்த சாட்டிலைட் கருவி அதைப் பதிவு பண்ணியிருக்கு. அந்தப் பறவை பிறந்து அஞ்சே மாசம்தான் ஆகியிருந்தது! இந்த மாதிரிப் பயணத்துக்கு முன்னால அதோட உடம்பு எடையில பாதி வரைக்கும் கொழுப்பா இருக்கும்.

இப்போ கணக்குப் போடுங்க. ஒரு தடவை கை தட்டினா, சாப்பிடுற நேரம் போச்சு. அதோட, சேர்த்து வெச்ச பெட்ரோலும் செலவு. பறவை செய்யற வேலையிலேயே அதிக எனர்ஜி எடுக்கிறது பறக்கிறதுதான். ஒருத்தர் ஒரு தடவை விரட்டினா சமாளிச்சிடும். சீசன் பூரா, சனி ஞாயிறு எல்லாம், வர்ற ஒவ்வொருத்தரும் நாலு தடவை விரட்டினா? அந்த 25 கிராம் என்ன பண்ணும்?

சட்டமும் இதைச் சொல்லுது. 1972ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட 27வது பிரிவுப்படி, சரணாலயத்துக்குள்ள எந்தக் காட்டுயிரையும் சீண்டக் கூடாது. பறவையும் அதுல சேர்த்தி.

காத்து முதுகுல, வெயில் முதுகுல

அப்போ பறக்கிற படம் கிடைக்கவே கிடைக்காதா? கிடைக்கும் பாஸ். அதுக்கு சயின்ஸ் இருக்கு.

முதல் விஷயம். பறவை எழும்புறதும் இறங்குறதும் எதிர்க்காத்துல. ஏரோப்ளேன் மாதிரியேதான். காத்து எந்தப் பக்கத்திலிருந்து வருதோ, அந்தப் பக்கம் மூஞ்சியைக் காட்டித்தான் எழும்பும். அதனால காத்து உங்க முதுகுல படுற மாதிரி நின்னா, பறவை உங்களைப் பார்த்து வரும். முகம், கண், விரிச்ச இறக்கை எல்லாம் ஃப்ரேமுக்குள்ள.

ரெண்டாவது விஷயம், வெயில். அதுவும் முதுகுப் பக்கமே இருக்கட்டும். அப்போதான் பறவை மேல வெளிச்சம் நேரா விழும், கண்ணுல ஒரு சின்ன மினுக்கல் தெரியும்.

கோடியக்கரையில டிசம்பர் முதல் பிப்ரவரி வரைக்கும் இந்த ரெண்டும் சேர்ந்தே அமையும். வாடைக் காத்து வடகிழக்கிலிருந்து வரும், காலை வெயில் கிழக்கிலிருந்து வரும். தண்ணிக்குக் கிழக்கு ஓரமா, மேற்கைப் பார்த்து உக்கார்ந்தீங்கன்னா ரெண்டும் உங்க முதுகுல. அன்னிக்கு நாங்க நின்னது நேர் எதிர்ப் பக்கம். கொசு உள்ளானைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

மூணாவது விஷயம், நேரம். சூரியன் உதிச்ச முதல் ரெண்டு மணி நேரம் தங்கம். ஒன்பது, பத்து மணிக்கு மேல சேத்துலயும் உப்புத் தரையிலயும் சூடு ஏறி கானல் எழும்பும். அப்போ எவ்வளவு காஸ்ட்லி லென்ஸ் வெச்சிருந்தாலும் படம் தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி நெளியும். போகஸ் சரியில்லைன்னு கேமராவைத் திட்டாதீங்க. மூட்டை கட்டிட்டு டீ குடிக்கப் போங்க. சாயங்காலம் வெயில் தணிஞ்சதும் வரலாம். அப்போ சூரியன் மேற்கே போயிருக்கும். நீங்களும் இடம் மாறணும்.

பறவை சிக்னல் கொடுக்கும்

காத்திருக்கிறதுன்னா தேமேன்னு உக்கார்ந்திருக்கிறது இல்ல. பறவையைப் படிக்கிறது. பறக்கிறதுக்கு முன்னால பல பறவைங்க சிக்னல் கொடுக்கும். பஸ் கிளம்புறதுக்கு முன்னால கண்டக்டர் விசில் அடிக்கிற மாதிரி.

* ஒரு பக்க இறக்கையையும் அதே பக்கத்துக் காலையும் சேர்த்து நீட்டி சோம்பல் முறிக்கும். அப்புறம் ரெண்டு இறக்கையையும் முதுகுக்கு மேல தூக்கும். அந்தப் போஸே ஒரு சூப்பர் படம்.

* கொக்கு, பருந்து மாதிரிப் பெரிய பறவைங்க கிளம்புறதுக்கு முன்னால 'லோடு இறக்கும்'. ஆமா, எச்சம்தான்! சிரிக்காதீங்க, விரலைப் பட்டன்ல வைங்க.

* குளிச்சு முடிச்ச பறவை நெஞ்சை நிமிர்த்தி எழும்பி இறக்கையைப் படபடன்னு அடிக்கும். தண்ணி நாலாபக்கமும் தெறிக்கும். விரட்டாம, இடத்தை விட்டு அசையாம கிடைக்கிற பெஸ்ட் ஆக்‌ஷன் ஷாட் இதுதான். குளிக்கிற பறவையைப் பார்த்தா அங்கேயே டேரா போடுங்க.

* ஆலா, அதாவது டெர்ன், தலையைக் கீழே தொங்கப் போட்டு காத்துல ஒரே இடத்துல இறக்கை அடிச்சுக்கிட்டே நின்னா, மீன் கண்ணுல பட்டிருச்சுன்னு அர்த்தம். அடுத்தது டைவ்தான். கருப்பு வெள்ளை மீன்கொத்தியும் இதே ஸ்டைல்.

* பூநாரைங்க, அதாவது ஃப்ளமிங்கோ, சாதாரணமா தலையைத் தலைகீழா தண்ணிக்குள்ள விட்டு, அலகால சலிச்சு சாப்பிடும். கூட்டமா தலையைத் தூக்கி, கழுத்தை நீட்டி, காத்து வர்ற பக்கம் திரும்பி நடக்க ஆரம்பிச்சா கிளம்பப் போகுதுன்னு அர்த்தம். தண்ணி மேல சில அடி ஓடித்தான் எழும்பும். நிக்கும்போது வெள்ளையா தெரிஞ்ச பறவை இறக்கையை விரிச்சதும் உள்ளே செவப்பும் கருப்பும் வெளியே வரும் பாருங்க... தீபாவளி!

* திடீர்னு மொத்தக் கூட்டமும் தலையைத் தூக்கி அப்படியே உறைஞ்சு நிக்குதா? மேலே பாருங்க. பூனைப்பருந்து தாழப் பறந்து வந்துட்டு இருக்கலாம். உள்ளான் கூட்டம் ஒரே உடம்பு மாதிரி எழும்பித் திரும்பும் காட்சி இனிமேதான். நான் கை தட்டி 'செட்டப்' பண்ணின காட்சியோட ஒரிஜினல் அது!

மேலே பார்த்தா ஒண்ணும் இல்ல, பறவைங்க உங்களையே பார்க்குது, சாப்பாட்டை நிறுத்திட்டு நகர ஆரம்பிக்குதுன்னா? பருந்து நீங்கதான். ப்ரேக் போடுங்க. அங்கேயே உக்காருங்க, இல்லேன்னா ரெண்டு அடி பின்னால போங்க. மறுபடி தலை குனிஞ்சு சாப்பிட ஆரம்பிச்சா உங்களை மன்னிச்சிடுச்சுன்னு வெச்சுக்கலாம்.

செட்டிங்ஸ் சீக்ரெட்

ஷட்டர் ஸ்பீடு: பூநாரை, நாரை மாதிரிப் பெரிய பறவைக்கு 1/1000 செகண்ட் போதும். ஆலா, உள்ளான் மாதிரி சின்ன, வேகமான பறவைக்கு 1/2000 வேணும். வெளிச்சம் பத்தலைன்னா ஐ.எஸ்.ஓ.வை ஏத்துங்க. புள்ளி புள்ளியா தெரியற படத்தை மன்னிக்கலாம், ஆட்டம் கண்ட படத்தை எதுவும் பண்ண முடியாது.

ஃபோகஸ்: தொடர்ந்து ஃபோகஸ் பண்ற மோடுல வைங்க. நிக்கான், சோனியில ஏ.எஃப்.-சி. கேனான்ல சர்வோ. பறவை தூரத்துல வரும்போதே பிடிச்சு, கூடவே உடம்பைத் திருப்பிட்டே போங்க. கிட்ட வந்தப்புறம் தேடினா வெறும் ஆகாயம்தான் கிடைக்கும்.

எக்ஸ்போஷர்: இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. இருட்டான சேத்துக்கு முன்னால வெள்ளைக் கொக்கு நிக்குதுன்னா, கேமரா சேத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிடும். கொக்கு சுண்ணாம்பு பூசின மாதிரி ஆயிடும், ஒரு இறகுகூடத் தெரியாது. மைனஸ் 1 வரைக்கும் குறைங்க. பளிச்சுன்னு இருக்கிற வானத்துல பறக்குற பறவைன்னா நேர் எதிர், ப்ளஸ் 1 கூட்டுங்க. இல்லேன்னா வெறும் கருப்பு நிழல்தான்.

ஃப்ரேம்: பறவை போற திசையில இடம் விடுங்க. மூஞ்சி சுவத்துல இடிக்கிற மாதிரி வெட்டிடாதீங்க. முடிஞ்சா தரையோட தரையா படுத்துடுங்க. அதோட கண் மட்டத்துல உங்க லென்ஸ் இருந்தா, ஒரு சாண் உயரப் பறவை ஹீரோ மாதிரி நிக்கும். ட்ரைபாட் இல்லையா? மஞ்சப்பையில கொஞ்சம் நெல் போட்டுக் கட்டி, வரப்பு மேல வெச்சு அது மேல லென்ஸை வைங்க. அசையாது.

பர்ஸ்ட் மோடு: பட்டனை அமுக்கிட்டே தூங்கிடாதீங்க. கேமரா மூச்சு வாங்கும்போதுதான் ஆலா டைவ் அடிக்கும். சிக்னலுக்குக் காத்திருந்து, குட்டிக் குட்டியா மூணு நாலு ஃப்ரேம்.

லென்ஸ் இல்லையா? கவலை இல்லை!

பெரிய லென்ஸ் விலையில ஒரு செமஸ்டர் ஃபீஸே கட்டிடலாம், தெரியும். அதுக்காகப் பறவைகிட்ட ஓடாதீங்க. லென்ஸோட குறையைக் காலால ஈடுகட்ட நினைக்கிறப்பதான் தப்பு நடக்குது. பறவை சின்னதா தெரிஞ்சா தெரியட்டும். சதுப்பு, வானம், தூரத்துல ஒரு உப்பு மலை, நடுவுல ஒரு பூநாரைக் கூட்டம். அந்தப் படத்துல ஊரே இருக்கும். க்ளோஸ்-அப்ல இறகு மட்டும்தான் இருக்கும்.

இன்னொரு ட்ரிக். பல பறவைங்க மனுஷ உருவத்தைப் பார்த்துப் பயப்படுற அளவுக்கு வண்டியைப் பார்த்துப் பயப்படறது இல்ல. வேதாரண்யத்திலிருந்து அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு வழியா கோடியக்கரைக்குப் போற ரோட்டுல, ஓரமா ஆட்டோவை நிறுத்தி, எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, உள்ளே இருந்தே எடுங்க. நாலு பேர் ஷேர் பண்ணினா செலவும் கம்மி. இறங்கிக் கதவை டமார்னு சாத்தினா கதை முடிஞ்சது.

உப்பளத்துக்குள்ள போகணும்னா அங்கே வேலை பார்க்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. பாத்தியை மிதிக்காதீங்க, வரப்பை உடைக்காதீங்க. அது அவங்க சோறு. சரணாலயத்துக்குள்ள போக வனத்துறை அனுமதி வேணும். ட்ரோனைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். மேலேயிருந்து இறங்குற எதுவும் அதுங்களுக்குப் பருந்துதான்.

கோடையில போறவங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நெடுங்கால் உள்ளானும் சில உப்புக்கொத்தியும் இங்கேயே தரையில முட்டையிடும். முட்டை பார்க்க அசல் கூழாங்கல். ஒரு பறவை உங்களைச் சுத்திச் சுத்திக் கத்துதுன்னாலோ, அடிபட்ட மாதிரி இறக்கையை இழுத்துக்கிட்டு நடிச்சுதுன்னாலோ, உங்க காலடியில எங்கேயோ முட்டை இருக்கு. நல்ல 'ஆக்‌ஷன்' ஆச்சேன்னு க்ளிக் பண்ணிட்டு நிக்காதீங்க. அம்மா எழுந்து போன முட்டை வெயில்ல வெந்துடும். வந்த வழியே திரும்பிடுங்க.

கடைசியா, உப்பு கேமராவுக்கு எமன். அங்கே லென்ஸ் மாத்தாதீங்க. ரூமுக்கு வந்ததும் லேசா நனைச்ச துணியால துடைச்சு, அப்புறம் காய்ஞ்ச துணியால துடைங்க. மாமா கேமராவா இருந்தா ரெண்டு தடவை துடைங்க!

ஒரு வருஷம் கழிச்சு...

2008 பிப்ரவரி. அதே கேமரா, அதே சதுப்பு. இந்த தடவை தனியா போனேன். காத்தையும் வெயிலையும் முதுகுல வாங்கிக்கிட்டு வரப்பு ஓரம் படுத்தேன். முதல் அரை மணி நேரம் ஒண்ணும் இல்ல. சட்டை பூரா சேறு. ஒரு எறும்பு காதுக்குள்ள போகப் பார்த்தது. எழுந்திடலாமான்னு பத்து தடவை தோணுச்சு.

அப்புறம் மெதுவா ஒரு விஷயம் நடந்தது. கொசு உள்ளான்கள் சாப்பிட்டுக்கிட்டே என் பக்கம் வர ஆரம்பிச்சது. காத்துல தண்ணி லேசா நகர்ந்திருக்கு, தண்ணி விளிம்போட அதுங்களும் நகர்ந்திருக்கு. அவ்வளவுதான். இருபது அடி, பதினஞ்சு அடி, பத்து அடி. அலகு சேத்துல இறங்குற சத்தம்கூடக் கேட்குது. டக் டக் டக். ஒண்ணு சட்டுன்னு நின்னு, குனிஞ்சு குளிச்சது. நெஞ்சை நிமிர்த்தி எழும்பி இறக்கையை அடிச்சது. தண்ணி முத்து முத்தா தெறிச்சது. நான் எடுத்தது மூணே ஃப்ரேம். அதுல ஒண்ணு ஷார்ப். அந்தப் பறவையோட கண்ணுல வானம் தெரியுது.

அந்தப் படத்துக்கு எந்தப் பரிசும் வாங்கல. காம்பெடிஷனுக்கே அனுப்பல. ஆனா இன்னிக்கு வரைக்கும் என் டேபிள் மேல இருக்கிறது அதுதான். வீட்டுக்கு வர்றவங்க கேட்பாங்க, "இதை எப்படி எடுத்தீங்க?"ன்னு. நான் ஒண்ணு விடாம சொல்லுவேன். எறும்பு உட்பட.

அன்னிக்குத் திரும்பி வரும்போது உப்பளத்துல அந்தப் பெரியவரைத் தேடினேன். பார்க்க முடியல. பார்த்திருந்தா கேமராவுல அந்தப் படத்தைக் காட்டி, "ஐயா, இந்த தடவை யாரையும் எழுப்பல"ன்னு சொல்லியிருப்பேன்.

அதனால, கல்லை விடலாமான்னு கேட்ட தங்கச்சிக்கும், கேட்காம மனசுக்குள்ள வெச்சிருக்கிற மத்தவங்களுக்கும் ஒரே டெஸ்ட்தான். படத்தை எடுத்துட்டு, இதை எப்படி எடுத்தேன்னு மேடையில மைக் முன்னால முழுசா சொல்ல முடியுமான்னு யோசிச்சுப் பாருங்க. முடியும்னா அது உங்க படம்.

இந்த வார அசைன்மென்ட்: கோடியக்கரை தூரம்னா பழவேற்காடு, மரக்காணம், தூத்துக்குடி உப்பளம், எதுவும் இல்லேன்னா உங்க ஊர் ஏரிக்கரை. போனதும் முதல் இருபது நிமிஷம் கேமராவைப் பைக்குள்ளேயே வைங்க. ஒரே ஒரு பறவையைப் பாருங்க. அது என்ன சிக்னல் கொடுத்துச்சுன்னு நோட்டுல எழுதுங்க. அதுக்கப்புறம் கேமராவை எடுங்க.

அடுத்த வாரம் சந்திப்போம். அதுவரைக்கும்... உஷ்ஷ்ஷ்! சாப்பிட்டுட்டு இருக்காங்க!